கோடை விடுமுறையும் கொஞ்சம் கூழ்வத்தலும்

உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சா? எங்க வீட்டுல விட்டாச்சு. லீவோட சேர்த்து நாலு பக்கத்துக்கு ஒரு தாளும் வந்திருக்கு. ஹாலிடே ஹோம்வொர்க். நாம ஊர்ல படிச்ச காலத்துல முழுப்பரீட்சை கடைசி நாள் சட்டையில மை தெளிச்சு விளையாடிட்டு வீட்டுக்கு வந்தா, ஜூன் வரைக்கும் பள்ளிக்கூடம் எந்தத் திசையில இருக்குன்னே மறந்து போயிரும். இங்க புனேயில சிபிஎஸ்இ பள்ளியில பிள்ளையைச் சேர்த்திருக்கிற நம்ம மக்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கணக்கு, இந்தி எல்லாம் கூடப் பரவாயில்லை. என் பிரச்சினை மூணாவது பக்கத்துல இருக்கு. 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்'. வீட்டுல வீணாப் போற பொருளை வச்சு உபயோகமா ஏதாவது செய்யணுமாம். யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனா மே மாசக் கடைசியில எங்க ஏரியா ஸ்டேஷனரி கடைக்கு ஒரு நடை போய்ப் பாருங்க. வீணாப் போன பொருள் செய்யறதுக்குப் புதுப் பொருள் வாங்க அப்பாமாருங்க வரிசையில நிப்பாங்க. ஐஸ்குச்சி, சாப்பிடாத ஐஸோட குச்சி, 50 எண்ணம் ஒரு பாக்கெட். பளபள தாள், செயற்கைப் புல், சின்னச் சின்ன பிளாஸ்டிக் மரம். காலி பாட்டில் வேணுங்கறதுக்காக ரெண்டு லிட்டர் குளிர்பானம் வாங்கி அதைச் சிங்க்ல ஊத்தின ஒரு மனுஷனை எனக்கு நல்லாத் தெரியும். அவர்தான் இப்ப இதை எழுதிக்கிட்டிருக்கார் :-)

2023 கோடை. பெரியவ அப்ப மூணாம் வகுப்பு. மழைநீர் சேகரிப்பு வீடு செஞ்சு கொண்டு போகணும். நானும் லீவு முடிய மூணு நாள் இருக்கற வரைக்கும் சும்மா இருந்துட்டு, ஒரு சனிக்கிழமை ராத்திரி உக்காந்தேன். கடைச் செலவு 780 ரூபாய். அதுல தெர்மாகோல் ரெண்டு ஷீட். மகாராஷ்டிராவுல 2018லயே தெர்மாகோல் தட்டு, டம்ளர், அலங்காரச் சாமான் எல்லாத்துக்கும் தடை வந்தாச்சு. 2022 ஜூலை 1லேர்ந்து அலங்காரத் தெர்மாகோலுக்கு நாடு பூராவும் தடை. ஆனா "பிள்ளையோட ப்ராஜெக்ட்டுக்கு"ன்னு சொன்னா கடைக்காரர் உள்ள போய் எடுத்துட்டு வந்துருவார். மழைநீரைச் சேமிச்சுப் பூமியைக் காப்பாத்தப் போற வீட்டைத் தெர்மாகோல்ல செஞ்சேன்ங்க. ஓட்டுக்குச் சிவப்புப் பெயிண்ட், குழாய்க்கு ஸ்ட்ரா, தொட்டிக்கு அந்தக் குளிர்பானப் பாட்டில். ராத்திரி ஒரு மணி ஆச்சு. பெரியவ ஒன்பதரைக்கே சோபாவுல தூங்கிட்டா. தங்கமணி ரெண்டு தடவை வந்து பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போனாங்க. அதுவே நான் உஷாராகியிருக்க வேண்டிய இடம்.

முதல் பரிசு கிடைச்சுது. சான்றிதழை ஃபிரிட்ஜ் கதவுல காந்தம் வச்சு ஒட்டினேன். அந்த வாரம் கோவில்பட்டியிலேர்ந்து அம்மா வீடியோவுல வந்தப்ப அதைத்தான் முதல்ல காட்டினேன். அம்மா கேட்டாங்க, "ஏட்டி, நீயா செஞ்ச?" பெரியவ கொஞ்சம் கூட யோசிக்கலை. "இல்ல ஆச்சி. அது அப்பா செஞ்சது. நான் மூடி மட்டும் எடுத்துக் குடுத்தேன்."

வருத்தமாச் சொல்லலை, கோபமாவும் சொல்லலை. மணி என்னன்னு கேட்டா பதில் சொல்ற மாதிரி சொன்னா. எனக்குத்தான் சுருக்குன்னுது. மறுநாள் பார்த்தா ஃபிரிட்ஜ்ல சான்றிதழ் இல்லை, அந்தக் காந்தத்தை வேற எதுக்கோ எடுத்திருந்தா.

அதுக்கப்புறம் எனக்கு ஒரு முடிவு வந்துருச்சு. பிள்ளை கைவேலையில அப்பா அம்மா கை வைக்கக் கூடாது. கோணலா இருந்தா கோணலாவே போகட்டும். அப்படிப் பிள்ளை தானே செய்யணும்னா, செய்யற பொருள் பார்வைக்கு வைக்கிற பொருளா இருக்கக் கூடாது. விளையாடணும், இல்லைன்னா திங்கணும். விளையாட்டுச் சாமான் கோணலா இருந்தா ஓடாது, பிள்ளையே அதைத் திருத்திக்கும். திங்கிற பொருள் கோணலா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க கரிசல்காட்டுப் பக்கம் கோடைன்னா நுங்கு. தின்னு முடிச்ச கூந்தல் ரெண்டை ஒரு குச்சியோட ரெண்டு முனையில குத்தி, கவட்டை இருக்கற நீளக் கம்பால தள்ளிக்கிட்டு ஓடினா அதுதான் நுங்கு வண்டி. ஓலைக் காத்தாடிக்குப் பச்சை ஓலையில ரெண்டு துண்டு, நடுவுல அச்சுக்குக் கருவேல முள். முள் குத்தற இடம் ஒரு நூல் தள்ளிப் போனாலும் சுத்தாது. பத்து ஓலை வீணாக்கித்தான் அந்த நடு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சேன். அறுந்த ரப்பர் செருப்பை வட்டமா வெட்டினா நாலு சக்கரம். இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்த ஞாபகம் இல்லை. பெரிய பையன்கள் செய்யறதைப் பார்த்துச் செய்வோம்.

ஆனா 'அந்தக் காலம் மாதிரி வருமா'ன்னு பெருமூச்சு விடறதுக்கு முன்னாடி இன்னொண்ணும் சொல்லணும். எங்க தெருவுல பாதி வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கோடை லீவுன்னா தீப்பெட்டி ஒட்டுறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். எண்ணிக்கைக்குக் கூலி. என் கூடப் படிச்சவன் பசைக் கையோடதான் விளையாட வருவான், இருட்டினதும் அவங்க அம்மா கூப்பிட்டுருவாங்க. 1986லயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு, 1996ல சிவகாசித் தொழிற்சாலைகளைப் பத்தி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்துச்சு. அதெல்லாம் வர்றதுக்குள்ள அவன் வயசு தாண்டிருச்சு. அவனோட விரல் வேகத்துக்கு நான் இன்னைக்கும் காகிதம் மடிக்க முடியாது. அவன் மடிச்ச பெட்டியில ஒண்ணு கூட அவனுக்கு இல்லை. அதனால, கையால செஞ்சாலே நல்லதுன்னு நான் சொல்ல வரலை.

சரி, விஷயத்துக்கு வருவோம். 2024 மே மாசம் அம்மா வந்தாங்க. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல ஒரு நாளுக்கு மேல பயணம், கையில கடலைமிட்டாய்ப் பொட்டலம், பைக்குள்ள துணி சுத்தின முறுக்கு உரல். அப்பா போனதுக்கு அப்புறம் ஊர்ல தனியாத்தான் இருக்காங்க. வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதே முழங்காலைக் கேட்டுத்தான்.

அம்மா பால்கனியில நின்னு ஒரே பார்வை. "எய்யா, இவ்வளவு வெயிலைச் சும்மா விட்டு வச்சிருக்கியே." அவங்களுக்கு வெயில்ங்கறது வீணாப் போற பொருள். இது தோணாம நான் 780 ரூபாய்க்கு வேஸ்ட் வாங்கியிருக்கேன் பாருங்க!

கூழ்வத்தல் போடறதுன்னு முடிவாச்சு. எங்க சொசைட்டியில மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி செயலாளர்கிட்ட. தண்ணித் தொட்டி, பாதுகாப்பு, பிள்ளைங்க விழுந்துரும்னு நூறு காரணம். மனு எழுதிக் குடுத்துட்டுக் காத்திருந்ததுல நாலு நாள் நல்ல வெயில் போச்சு. கடைசியில வழி பண்ணினது மூணாம் மாடி மராத்திக் காக்கு. அவங்க வீட்டு வாள்வண் போடற நேரமாம் அது. மகாராஷ்டிராவுல கோடையில காயவச்சு எடுத்து வைக்கிற எல்லாத்துக்கும் சேர்த்து அந்தப் பேரு. அப்பளம், சாபுதானா பாப்டி, நம்ம மோர்மிளகாய்க்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி மாதிரி ஒரு சாண்ட்கி மிர்ச்சி, அப்புறம் கோதுமையில குர்டை. "வருஷா வருஷம் நான் போடறேன், எனக்கு யார் மனு எழுதச் சொன்னது?"ன்னு சாவியை வாங்கிட்டு வந்துட்டாங்க.

குர்டைக்குக் கோதுமையை மூணு நாள் ஊறவச்சு, அரைச்சு, பால் பிழிஞ்சு, தெளிய விட்டு, அடியில தங்கற மாவைக் கிண்டுவாங்க. கிண்டின அந்தச் சுடுமாவுக்குச் சீக்னு பேரு. பிழியறதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல சீக் எடுத்து, நெய் விட்டுப் பிள்ளைங்களுக்குக் குடுத்துருவாங்க. எங்க அம்மா அதைப் பார்த்துட்டுச் சிரிச்ச சிரிப்பு இருக்கே! நம்ம வீட்டுலயும் கூழ் கிண்டினா பிள்ளைங்க கிண்ணத்தோட அடுப்பங்கரை வாசல்லதானே நிக்கும்? ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு வார்த்தை தெரியாது. அன்னைக்குக் காலையில ஒரு கிண்ணம் மேல போச்சு, ஒரு கிண்ணம் கீழ வந்துச்சு.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். இந்த 'பாரம்பரிய'த்துல ஆம்பிளை பங்கு, பொரிச்சு வச்சதைத் திங்கிறது மட்டும்தான். விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிச்சுக் கூழ் கிண்டுறது முழுக்கப் பொம்பளை ஆளுங்க. தங்கமணி முதல்லயே சொல்லிட்டாங்க, "உங்களுக்கும் அத்தைக்கும் ஆசையா இருந்தா சரி. அடிபிடிச்ச பாத்திரம் என்கிட்ட வரக் கூடாது." அதனால கிண்டினது அடியேன். "கரண்டி அடி வரைக்கும் போகணும்யா, மேலாக்க வருடுனா ஆகாது"ன்னு அம்மா பக்கத்துல உக்காந்து விரட்டிக்கிட்டே இருந்தாங்க. இருபது நிமிஷத்துல உள்ளங்கையில கொப்புளம். அம்பது வருஷமா இதைச் செஞ்ச கையை அன்னைக்குத்தான் ஒழுங்காப் பார்த்தேன்.

பிழியறது பெரியவ வேலை. சின்னவனுக்கு அஞ்சு வயசு, உரல் பிடிக்காது. அவனுக்கு ஜவ்வரிசி. பழைய வேட்டியை விரிச்சாச்சு. பெரியவ முதல்ல போட்டதெல்லாம் வத்தல்னு சொல்ல முடியாது, அறுந்த நூல் மாதிரி கிடந்துச்சு. என் கை தானாப் போச்சு, "குடு, அப்பா காட்டறேன்"னு. அம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுத் தள்ளிட்டாங்க. அவளைப் பார்த்து, "நிறுத்தாமப் பிழிட்டி. நின்னா அறும்."

"கை வலிக்குது ஆச்சி."

"வலிக்கும். அஞ்சு பிழிஞ்சிட்டு கையை மாத்திக்கோ."

எங்க வீட்டுல தமிழ் எப்படின்னா, நாங்க தமிழ்ல கேட்போம், பிள்ளைங்க இந்தியிலயோ இங்கிலீஷ்லயோ பதில் சொல்லும். உங்க வீட்டுலயும் அப்படித்தானே? பிடிக்காத பிள்ளையை உக்கார வச்சு வாரக் கடைசியில அ, ஆ சொல்லிக் குடுத்துப் பார்த்திருக்கேன். நகரலை. அந்த மொட்டை மாடியில ஒரு மணி நேரத்துல பதம், பிழி, அறுந்து போச்சு, வெக்கை, நிழலுக்கு வா எல்லாம் அவ வாயில தானா வந்துச்சு. கை செய்யற வேலைக்கு வார்த்தை வேணும். ஆச்சிக்கு வேற மொழியும் தெரியாது. பாடமெல்லாம் நடத்தாமலே வந்துச்சுங்க.

ரெண்டாம் நாள் மதியம் மூணு மணிக்கு இங்க வளீவ்னு சொல்ற கோடைமழை வந்துச்சு. பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் 39 டிகிரி, வானத்துல ஒரு மேகம் இல்லை. பெரியவ தான் முதல்ல ஓடினா, செருப்பு கூடப் போடாம. வேட்டியை நாலு பேர் நாலு மூலையில பிடிச்சுத் தூக்கிட்டு வந்தோம். கால்வாசி கரைஞ்சு போச்சு. மிச்சத்தை எங்க ஃபிளாட் ட்ரை பால்கனியில கொடி கட்டி, ஃபேனை வச்சு ஒப்பேத்தினோம். அன்னைக்கு அவ அழுத அழுகை, மழைநீர் வீட்டுக்குப் பரிசு வாங்கினப்ப சிரிச்ச சிரிப்பை விட நிஜமா இருந்துச்சு.

உரல், மாடி எல்லாம் இல்லாதவங்களுக்குச் சின்னவன் செஞ்ச ஜவ்வரிசி வத்தல் போதும். ஒரு டம்ளர் ஜவ்வரிசியை ராத்திரியே ஊறவச்சு, காலையில அஞ்சு டம்ளர் தண்ணியில கண்ணாடியாத் தெரியற வரைக்கும் வேக விடுங்க. உப்பு, சீரகம், அரைச்ச பச்சைமிளகாய். உப்பைக் கூழ்ல ருசி பார்த்து ஒரு சிட்டிகை கம்மியாவே நிறுத்துங்க, காய்ஞ்சா தூக்கலாயிரும். கை பொறுக்கற சூடு வந்ததும் எலுமிச்சை பிழிஞ்சு, பிளாஸ்டிக் ஷீட்ல ஸ்பூனால ஊத்தறது பிள்ளை வேலை. வட்டமா வராது. சின்னவன் ஊத்தினதுல ஒண்ணு இலங்கை மாதிரியே இருந்துச்சு. ரெண்டு மூணு நாள் வெயில் போதும். துணியில போட்டா, காய்ஞ்ச பிறகு துணியோட பின்பக்கம் தண்ணி தெளிச்சா கழண்டு வரும். காக்காய்க்குப் பதிலா இங்க புறா. விரட்டுறதுக்குக் குடையோட ஒரு ஆள் வேணும். அந்த வேலைக்குச் சண்டையே வந்துச்சு.

குச்சி ஐஸுக்கு அச்சு எல்லாம் வாங்காதீங்க. சின்ன எவர்சில்வர் டம்ளர் போதும், குச்சிக்குப் பதிலா ஸ்பூன். நாங்க ஊத்தினது கைரி பன்ஹே. மாங்காயை வேகவச்சு, சதையை வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கரைச்ச இந்த ஊர்ப் பானகம். குடிக்கறதுக்கு இருக்கறதை விட இனிப்பு ஒரு படி கூட இருக்கணும், குளிர்ச்சியில நாக்குக்கு இனிப்பு குறைவாத் தெரியும். அதுக்காக வெல்லத்தை அள்ளிப் போட்டா சரியா உறையாம கொழகொழன்னு நிக்கும். இந்த அளவைப் பெரியவ மூணு தடவை மாத்தி மாத்தி அவளாவே கண்டுபிடிச்சா. நான் சொல்லியிருந்தா ஒரு தடவையில முடிஞ்சிருக்கும், அவளும் மறந்திருப்பா.

நுங்கு வண்டி மட்டும் நடக்கலை. இங்க நுங்கு கிடைக்கும், தாட்கோளான்னு பேரு. ஆனா உரிச்சு, சுளையாத்தான் வண்டியில விப்பாங்க. கூந்தலுக்கு வழியில்லை. அதனால பழைய ரப்பர் செருப்பு வண்டி. வெட்டறது மட்டும் பெரியவங்க வேலை, கத்தி வழுக்கும். காத்தாடிக்கு ஓலைக்குப் பதிலா கல்யாணப் பத்திரிகை. நம்ம ஆளுங்க வீட்டுல அதுக்குப் பஞ்சமா? அச்சுக்குக் குண்டூசி. பசை வேணும்னா மைதாவைத் தண்ணியில கரைச்சுக் காய்ச்சினாப் போதும். பைண்டிங் கடைக்காரங்க அதுல பூச்சி வராம இருக்க மயில்துத்தம் போடுவாங்க. அது விஷம், பிள்ளைங்க பசையில வேண்டவே வேண்டாம்.

"ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், இதுக்கெல்லாம் ஏது நேரம்?"னு கேட்பீங்க. நியாயம். எங்களுக்கும் சனிக்கிழமை காலை ரெண்டு மணி நேரம்தான். சம்மர் கேம்ப்புக்கு அனுப்பறவங்களைக் குறை சொல்லவும் இல்லை. முந்தின வருஷம் நானும் 6,500 ரூபாய் கட்டி அனுப்பினேன். வந்ததென்னவோ முப்பது பிள்ளைங்களும் ஒரே மாதிரி செஞ்ச ஒரு பென் ஸ்டாண்டு. எங்க வீட்டுப் பிள்ளை செஞ்சது எதுன்னு பேர் ஒட்டியிருந்ததை வச்சுத்தான் அடையாளம் தெரிஞ்சுது.

அந்த வருஷம் 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்'டுக்குப் பெரியவ கல்யாணப் பத்திரிகைக் காத்தாடியை எடுத்துட்டுப் போனா. எங்க பெரியப்பா பேரு ஒரு இறக்கையில சுத்தும். பரிசு கிடைக்கலை. பரிசு வாங்கினது ஒரு தெர்மாகோல் கோட்டை, பீரங்கியோட. 'குட்'னு ஒரு முத்திரை போட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி முகத்தைத் தூக்கி வச்சிருந்தா. "நீ செஞ்சு குடுத்திருந்தா ஜெயிச்சிருப்போம்ல?"ன்னு கேட்டா. ஆமாம், ஜெயிச்சிருப்போம். அதுக்கு நான் பதில் சொல்லலை, அந்தக் கேள்விக்கு இன்னும் என்கிட்ட நல்ல பதில் இல்லை. ஆனா காத்தாடி பால்கனிக் கம்பியில மழைக்காலம் முடியற வரைக்கும் இருந்துச்சு. நான் கட்டலை.

அம்மா ஜூன்ல ஊருக்குக் கிளம்பறப்ப, பெரியவ பிழிஞ்சதை மட்டும் தனியா ஒரு டின்ல போட்டுக்கிட்டாங்க. அறுந்தது, ஒட்டினது, மழையில பாதி நனைஞ்சது எல்லாம். நல்லா வந்ததை எங்களுக்கு வச்சுட்டாங்க. தீபாவளி அன்னைக்கு வீடியோவுல வந்தப்ப பக்கத்து வீட்டு அக்கா உக்காந்திருந்தாங்க, தட்டுல பொரிச்ச வத்தல். அம்மா ஃபோனை அந்தத் தட்டுக்கு நேரா காட்டி, "இது யாரு பிழிஞ்சதுன்னு இவகிட்ட சொல்லுட்டி"ன்னாங்க.

"நான் பிழிஞ்சது"ன்னா பெரியவ. தமிழ்ல.

டின்ல இன்னும் ஒரு கை மிச்சம் இருக்காம். "அதை எடுக்க மாட்டேன், நீ வரும்போது பொரிக்கேன்"ன்னு சொல்லி வச்சிருக்காங்க.